பின்காற்றில் உழுதவனுக்கு

தேசம்மாவின் சளியில் காசநோய்க் கிருமி இல்லை. இரண்டாவது முறை எடுத்த பரிசோதனையிலும் இல்லை. இதைச் சொன்னவர் அரசு மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவில் பணியிலிருக்கும் இளம் பெண் மருத்துவர். நேற்று முற்பகல், வெளிநோயாளிகள் கூட்டத்துக்கு நடுவில், உன் மனைவியையும் பக்கத்தில் நின்ற என்னையும் பார்த்துச் சொன்னார். உறுதியான செய்தி இவ்வளவுதான். மற்றவை இனிமேல்தான் தெரிய வேண்டும்.

உன்னிடம் எதைச் சொல்வதானாலும் இப்படித்தான் தொடங்க வேண்டும். சுற்றி வளைத்தால் உனக்குப் பிடிக்காது. "ஆனதை சொல்லு மாமு. ஆவப்போறதை அப்பால பாத்துக்கலாம்" என்பாய்.

மருத்துவமனையிலிருந்து தேசம்மாவை ரயிலில் எண்ணூருக்குக் கூட்டிவந்தேன். கும்மிடிப்பூண்டி வண்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஏறியதும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, விம்கோ நகர் வரைக்கும் விட்டு விட்டு இருமினாள். உன் வீட்டு வாசலில் கால் கழுவக் குழாயடிக்குப் போனபோது, சிமெண்டுத் தரையில் ஓர் இரும்புக் கிண்ணம் கண்ணில் பட்டது. உள்ளே துணி சோப்பு. கையில் எடுத்துத் திருப்பினேன். அடியில் சின்ன ஓட்டை. உன் டிராக்டரின் காற்று வடிகட்டிக்குக் கீழே மாட்டியிருந்த எண்ணெய்க் கிண்ணம் அது. சோப்பு வாசனைக்கு அடியில், தேய்த்தும் போகாத ஒரு வாசனை இருந்தது. டீசலில் ஊறிய மண்ணின் வாசனை. உன் சட்டைக்கு அந்த வாசனைதான்.

"அத்த ஏன்ணா மோந்து பாக்குறே? கலீஜ் புட்ச்சது" என்றாள் தேசம்மா.

"வண்டியை வித்தப்போ இதை மட்டும் எடுத்து வச்சிக்கிட்டியா?"

"அது பழசு. ஓட்டை வுழுந்துச்சுன்னு அவரு வேற மாத்துனாரு. எடைக்குப் போடலாம்னு தான் எட்த்து வெச்சேன். அப்பால சோப்பு வெச்சிப் பாத்தா, ஓட்டை வழியா தண்ணி எறங்கிடுது. சோப்பு கரையல. சர்தான்னு வுட்டுட்டேன்."

நீ இருந்திருந்தால் அதற்கும் ஏதாவது சொல்லிச் சிரித்திருப்பாய்.

அத்திப்பட்டுக்கு மேற்கே அந்தக் குத்தகை நிலத்தில் மாலையில் வேலை முடிந்ததும் நீ முதலில் செய்வது இதுதான். மோட்டார் கொட்டகைச் சுவரோரம் வண்டியை நிறுத்திவிட்டு, வடிகட்டியின் கிண்ணத்தைக் கழற்றுவாய். காலையில் ஊற்றிய எண்ணெய் களியாகிக் கிடக்கும். குச்சியால் வழித்துக் கொட்டி, துணியால் துடைத்து, புது எண்ணெய் ஊற்றுவாய். என் மூக்குக்கு நேரே அந்தக் களியை நீட்டி, "பாரு மாமு, வண்டி இன்னிக்கு எவ்ளோ துன்னுகீதுன்னு" என்று காட்டுவாய்.

"வண்டிக்கு இது போச்சு. உனக்கு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வண்டிக்கு மூக்குல எண்ணெய் கீது. எனுக்கு மூக்குல மசுரு கீது. ரெண்டும் ஒண்ணுதான்."

நீ மண்ணுக்கு வந்த கதையை இந்த ஊரில் எல்லோரும் ஒரு வரியில் சொல்லிவிடுவார்கள். எனக்கு அப்படிச் சொல்ல வராது. திருவொற்றியூர் பள்ளியில் நீ என் பக்கத்து இடம். மதியச் சாப்பாட்டில் உன் டப்பாவைத் திறந்தால் வகுப்பே நாறும். அதை நீ பெருமையாகவே திறப்பாய். ஒரு கோடை விடுமுறையில் உன் நைனாவின் படகில் என்னை ஏற்றிப் போனாய். அப்போது பாய் கட்டிய படகு. போகும்போது எதிர்காற்று. பலகை பலகையாக அலை வந்து அடித்தது. வயிற்றில் இருந்ததெல்லாம் வெளியே வந்தது. "இத்தயா பேப்பர்காரனாக்கப் போறாங்க?" என்று உன் நைனா சிரித்தார். நான் பேப்பர்காரன் ஆவேன் என்று அப்போது யாரும் சொல்லியிருக்கவில்லை. மூக்குக்கண்ணாடி போட்ட எல்லோரும் அவருக்குப் பேப்பர்காரர்கள்தான்.

திரும்பும்போது காற்று முதுகுப் பக்கம் வந்தது. பாய் விரிந்தது. சட்டென்று எல்லாம் அமைதியாகிவிட்டது. சத்தம் இல்லை, அடி இல்லை, முகத்தில் ஒரு துளி காற்று இல்லை. ஆனால் கரை ஓடி வந்துகொண்டிருந்தது. காற்று நின்றுவிட்டதா என்று கேட்டேன். நீ என்னை ஒரு மாதிரி பார்த்தாய்.

"நிக்கல. நம்மளோடவே வருது. காத்தோட போறவனுக்குக் காத்து தெரியாது மாமு."

அந்த வயதில் உனக்கு அது வானிலை. எனக்கும் அப்படித்தான்.

பிறகு முகத்துவாரம் தூர்ந்தது. கழிமுகத்தில் எங்கே கால் வைத்தாலும் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த சேறு முழங்கால் வரை வாங்கியது. படகின் அடி தட்டாமல் கடலுக்குப் போக, கடல் நீர் ஏறும் நேரம் பார்த்துக் காத்திருக்க வேண்டியதாயிற்று. மீன் போன திசையில் இறால் போயிற்று, இறால் போன திசையில் நண்டு போயிற்று. உன் நைனா இருக்கும்வரை இழுத்துப் பிடித்தாய். அவர் போன பிறகு படகை விற்றாய். தேசம்மாவின் நகையும் சேர்ந்தது. பழைய டிராக்டர் ஒன்றை வாங்கி, மீஞ்சூர் பக்கம் வாடகைக்கு உழப் போனாய்.

குப்பத்தில் சும்மா விடவில்லை. வலை பின்னும் இடத்தில் உன்னைப் பார்த்ததும் யாராவது எடுப்பார்கள்: "இன்னாடா, கடல்காரன் மண்ணு கொத்தப் போறானாமே?"

"மண்ணு கடலுக்கு வந்துட்ச்சி. எடம் காலியா கீதுன்னு நான் மண்ணுக்குப் போறேன்" என்று நீ சொன்னாய். சொன்ன வேகத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை என்பதை நான் கவனித்தேன்.

ஆனி, ஆடி மாதங்களில் அந்த நிலங்களை நீ அறிந்தது போல நானும் கொஞ்சம் அறிவேன். ஞாயிற்றுக்கிழமை விடுப்பில் உன்னோடு வந்துவிடுவேன். மழைக்கு முன்னால் காய்ந்த மண்ணில் உழுது, காய்ந்த மண்ணிலேயே விதைப்பார்கள். புழுதி விதைப்பு. மண் எவ்வளவு பொடியாகிறதோ அவ்வளவு நல்லது என்பது கணக்கு. கலப்பை கிழித்துக்கொண்டு போகும். பின்னால் பெண்கள் வரிசையாக நடந்து, மேலே வரும் கோரைக்கிழங்கையும் அருகம்புல் வேரையும் பொறுக்கிக் கூடையில் போடுவார்கள். உன் எண்ணூர்ப் பெண்கள்தான். மீன் கூடை தூக்கிய தலைகள். தேசம்மா அந்த வரிசைக்கு முன்னால் நிற்பாள். நிலத்துக்குத் தெற்கே, பார்வைக்கு எட்டும் தூரத்தில் சாம்பல் குட்டையின் கரை. காய்ந்த நாட்களில் அங்கிருந்து கிளம்பி வந்து இந்த மண்ணில் படிந்தது எவ்வளவு, மண்ணே எவ்வளவு என்று யாராலும் பிரிக்க முடியாது. உழுத மண்ணின் நிறம் பழுப்பாக இல்லை, சாம்பலாக இருந்தது. உழும்போது எழுவது தூசி என்று சொல்ல முடியாது. அது புகை போல நிற்கும்.

நீ உழுகிற முறையை அந்த வட்டாரத்தில் வேறு யாரும் உழுது நான் பார்க்கவில்லை. காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு ஒரு திசையில் உழுவாய். வரப்பை அடைந்ததும் கலப்பையைத் தூக்கிக்கொண்டு, உழாமல், வெறும் வண்டியாகத் திரும்பி வருவாய். மறுபடி காற்றை முதுகில் வைத்துக்கொண்டு அடுத்த சால். பாதி நேரம் வெறும் ஓட்டம்.

குத்தகைக்காரர் தணிகாசலம் வரப்பில் நின்று கத்துவார்.

"ஏம்ப்பா, போகும்போது உழுவுறே, வரும்போது தூக்கிக்கினு வர்றியே. இன்னா, சாமி ஊர்வலமா?"

"பின்காத்துலதாங்க உழுவணும். எதிர்காத்துன்னா வண்டி மூச்சு வாங்கும்."

"இது இன்னா படகா? பாய் கட்டிகீறியா?"

"நீங்க துணி வாங்கிக் குடுத்தா கட்டிடலாங்க. டீசல் மிச்சம்."

கூடையோடு நின்ற பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். தேசம்மா மட்டும் விடவில்லை. "அந்தாளு அப்டித்தாங்க. வூட்லயும் அப்டித்தான். எதிர்காத்து அடிக்கிற அன்னிக்குக் கட்டில வுட்டு எறங்க மாட்டாரு" என்றாள். தணிகாசலத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் சாயங்காலம் கூலி கொடுக்கும்போது முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டார்.

முற்பகலில் மேல்காற்று. மதியத்துக்குப் பிறகு கடலிலிருந்து கொண்டல் ஏறும். அது ஏறுவது மற்றவர்களுக்குத் தெரியுமுன் உனக்குத் தெரியும். வண்டியை நிறுத்துவாய். இறங்கி ஒரு பிடி மண்ணை எடுத்து மேலே விடுவாய். பிறகு பெண்களைப் பார்த்து, "அந்தாண்ட வரப்புக்குப் போங்க. இப்போ மேக்கால உழுவப் போறேன்" என்பாய். அவர்கள் முனகிக்கொண்டே கூடையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். எனக்கு அது ஒரு மீனவனின் பழக்கமாகப்பட்டது. அழகாகவும் இருந்தது. கடலை விட்டு வந்தவன் கடலைக் கொஞ்சம் கையோடு கொண்டுவந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

நீ வண்டியை விட்டு இறங்கும்போது உன் முகத்தில் கண் மட்டும்தான் உன்னுடையது. இமை, புருவம், மீசை எல்லாம் சாம்பல். ஈரத் துண்டை மூக்கில் கட்டியிருப்பாய். அது காய்ந்து, சுட்ட ஓடு மாதிரி விறைத்திருக்கும். பெண்களின் முகம் அந்த அளவுக்கு இருக்காது. வியர்வையில் கொஞ்சம் புழுதி, அவ்வளவுதான். அதை நான் பார்த்தேன். பார்த்ததைச் சேர்த்துப் பார்க்கவில்லை. சேர்க்க வேண்டும் என்று அப்போது எதுவும் கேட்கவும் இல்லை.

அத்திப்பட்டு ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருக்கும்போது ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி எல்லோருக்கும் கொடுப்பாய். வேண்டாம் என்றால் விட மாட்டாய். "துன்னு, துன்னு. தொண்டையில கீற தூசி வழுக்கிக்கினு போயிடும்." உங்கள் கூட்டத்தில் அது மருந்து. பழம் தின்றால் புழுதி இறங்கிவிடும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஒருநாள் நான் கேட்டேன்: "தொண்டையில போனது இறங்கிடும். மூச்சில போனது?"

நீ பழத்தோலைத் தண்டவாளத்துக்கு அப்பால் நின்ற ஆட்டுக்கு வீசினாய்.

"அதுக்கு இன்னும் பழம் காய்க்கல மாமு."

உனக்கு இருமல் வந்தபோது, அந்தக் கடலோரத்தில் இருமினால் என்ன சொல்வார்களோ அதையே சொன்னார்கள். காசநோய். மாத்திரை கொடுத்தார்கள். சிறுநீர் சிவப்பாகப் போகிறது என்று என்னிடம் வந்து பயந்தாய். மாத்திரையால்தான் என்று விசாரித்துச் சொன்னேன். ஒழுங்காகத் தின்று முடித்தாய். கொஞ்ச நாள் நன்றாக இருந்தது போலிருந்தது. மறுபடி இருமல். மறுபடி மாத்திரை. டீக்கடையில் உனக்கென்று தனி கிளாஸ் வைத்தார்கள். நீ அதைக் கண்டுபிடித்ததும் வீட்டிலிருந்து உன் டம்ளரையே எடுத்துப் போனாய். கடைக்காரரிடம், "உன் கிளாஸ் கலீஜா கீதுப்பா, எனுக்கு ஒத்துக்கல" என்று சொன்னாயாம். உன் வழி அதுதான்.

எந்த மருத்துவமனைக்குப் போனாலும் என்ன தொழில் என்று கேட்பார்கள். நீ ஒரே பதில் சொல்வாய்: "கடல் தொழில்." நான் கூட வந்த நாளிலும் அதையேதான் சொன்னாய். தோளில் டிராக்டர் புழுதி படிந்த துண்டு. ஆனாலும் கடல் தொழில். பொய் என்று நீ நினைக்கவில்லை. குப்பத்தில் பிறந்தவனிடம் தொழில் கேட்டால் அது அவன் இப்போது என்ன செய்கிறான் என்ற கேள்வி அல்ல. அவன் யார் என்ற கேள்வி. உழவன் என்று சொன்னால் உன் நைனாவின் படகை இரண்டாம் முறை விற்றது போல இருந்திருக்கும். எழுதிக்கொண்டவர்கள் மீனவர் என்று எழுதிக்கொண்டார்கள். மீனவனிடம் யாரும் தூசியைப் பற்றிக் கேட்க மாட்டார்கள் அல்லவா? கேட்கவில்லை.

வண்டியை விற்ற பிறகு, வாசலில் நாற்காலி போட்டுக் கழிமுகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாய். தேசம்மா அதே பெண்களோடு, வேறு வண்டிகளுக்குப் பின்னால், அதே கோரைக்கிழங்கைப் பொறுக்கப் போனாள். வீட்டில் உலை கொதிக்க வேறு வழி இல்லை. ஒரு தை மாதக் காலையில் நீ அந்த நாற்காலியிலேயே போய்விட்டாய். கொண்டல் இன்னும் ஏறாத நேரம். நான் வந்தபோது உன்னைக் கிழக்கு நோக்கிக் கிடத்தியிருந்தார்கள்.

இனி நேற்றைக்கு வருகிறேன்.

கிருமி இல்லை என்று சொன்ன மருத்துவர் அதோடு விடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுத் தேசம்மாவை உட்காரச் சொன்னார்.

"என்ன வேலைம்மா செய்யறீங்க?"

தேசம்மா என்னைப் பார்த்தாள். மீன் வியாபாரம் என்று சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். வாய் அந்தப் பக்கம்தான் போயிற்று. பிறகு, "கொல்லியில, நெலத்து வேல. டிராக்டரு பின்னாடி போயி வேரு பொறுக்கணும்" என்றாள்.

"எவ்வளவு நாளா?"

"மொதல்ல எங்கூட்டுக்காரரு வண்டி பின்னாடி. அப்பால அவரு வண்டிய வித்துட்டாரு. வேற வேற வண்டி பின்னாடி."

"தூசி ரொம்ப இருக்குமா?"

"அய்ய, அத்த ஏன் கேக்குற. மூஞ்சி மேலயே வரும். எதிர்ல கீறவ யாருன்னு தெரியாது." கொஞ்சம் நிறுத்தினாள். "எங்கூட்டுக்காரரு வண்டியில அப்டி இருக்காது."

மருத்துவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "ஏன்? அவர் வண்டியில மட்டும் ஏன் இருக்காது?"

தேசம்மா வாயைத் திறந்தாள். அவளுக்குத் தெரிந்த விடை ஒன்றுதான்: அந்தாளு கடல்காரரு, பின்காத்துலதான் உழுவாரு. அத்தனை வருடம் சொல்லிச் சிரித்த விடை. அது அவள் நாக்கின் நுனி வரை வந்து அங்கேயே நின்றதை நான் பார்த்தேன்.

காற்று பின்னாலிருந்து அடிக்கும்போது, கலப்பை கிளப்பும் புழுதி முன்னால் போகும். வண்டியோடு போகும். ஓட்டுகிறவன் மேல் போகும். பின்னால் நடக்கிறவர்களுக்கு வராது. எதிர்காற்றில் உழுதால் அது பின்னால் வரும், பொறுக்குகிறவர்கள் முகத்துக்கு நேராக. அதனால்தான் நீ எதிர்காற்றில் உழவில்லை. கலப்பையைத் தூக்கிக்கொண்டு திரும்பினாய்.

ரயிலில் ஏறியதும் அவளுக்கு முதலில் இருமல்தான். பிறகு கேட்டாள்.

"ஏண்ணா, அவரு தெரிஞ்சி தான் பண்ணாரா? இல்ல சொம்மா படகு பழக்கமா?"

என் பத்திரிகைத் தொழிலில் ஒருவன் மனதில் என்ன இருந்தது என்று எழுத, அவனே சொல்லியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவன் செய்ததில் அது தெரிய வேண்டும். நீ சொல்லவில்லை. செய்ததில் தெரிகிறதா என்று தேடினேன். கொருக்குப்பேட்டையில் வண்டி நின்று கிளம்பியபோது எனக்கு ஒரு நாள் ஞாபகம் வந்தது.

ஆடியில் உங்கள் குப்பத்து அம்மனுக்குக் கூழ் ஊற்றிய ஞாயிறு. பெண்கள் யாரும் வேலைக்கு வரவில்லை. தணிகாசலம் விடாமல் கேட்டதால் நீ மட்டும் வண்டியை எடுத்தாய். நான் மோட்டார் கொட்டகை நிழலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அன்று நீ போகும்போதும் உழுதாய், வரும்போதும் உழுதாய். கலப்பையை ஒரு முறைகூடத் தூக்கவில்லை. எல்லா டிராக்டர்காரர்களும் உழுவது போல, எதிர்காற்றில், பின்காற்றில், மாறி மாறி. மதியத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. தணிகாசலம் ஆச்சரியப்பட்டு, "இன்னிக்கு மட்டும் வண்டி மூச்சு வாங்கலியா?" என்று கேட்டார். "அம்மன் கூப்புட்றா சாமி. வண்டிக்கும் கூழு வேணும்" என்று சொன்னாய். கூழுக்கு நேரமாகிறது என்று அவசரப்பட்டாய் என நினைத்துக்கொண்டேன். அம்மன் வாசலில் கருவாட்டுக் குழம்போடு கூழ் குடித்தோம். தேசம்மாதான் ஊற்றினாள். என் சொம்பில் குறைவாக ஊற்றினாள் என்று நீ அவளோடு சண்டை போட்டாய்.

இதை ரயிலில் அவளிடம் சொன்னேன். பெண்கள் இல்லாத நாளில் நீ இரண்டு பக்கமும் உழுதாய். அதை என் கண்ணால் பார்த்தேன்.

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டாள்.

"பேமானி. ஒரு வார்த்த சொல்லிருக்கலாம் இல்ல? நான் அந்தாள வெச்சி சிரிச்சிகினு இருந்திருக்கேன். ஊரே சிரிச்சிச்சி."

"சொல்லியிருந்தா நீ விட்டிருப்பியா?"

"இன்னாத்துக்கு வுடுவேன்? தணிகாசலத்து கைல சண்ட போட்டு, மோட்டாரைப் போட்டு மண்ண நனைக்க சொல்லிருப்பேன். புழுதி அடங்கினப்பால உழுதிருக்கலாம். இல்ல, நாங்க ஒரு நாள் கழிச்சி எறங்கிப் பொறுக்கியிருக்கலாம். வேரு எங்க ஓடிடப் போவுது? எத்தினி வழி கீது! இவரு ஒண்டியா துன்னுட்டுப் போய்கீறாரு."

எண்ணூர் வரும் வரை திட்டிக்கொண்டே வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் உன்னை உயிரோடு இருக்கும் குடிகாரப் புருஷன் என்று நினைத்திருப்பார்கள். இடையில் இருமினாள். இருமி முடித்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். நீ இருந்தபோது உங்கள் வீட்டில் நடக்கும் பேச்சு இப்படித்தான் இருக்கும். ஒரே வித்தியாசம், பதில் சொல்ல வேண்டியவன் நீ. நான் உன் இடத்தில் உட்கார்ந்து வாங்கிக்கொண்டிருந்தேன்.

வாசலில் அந்தக் கிண்ணத்தை நான் கீழே வைத்ததும் அவள் அதைக் கையில் எடுத்தாள். சோப்பை வெளியே போட்டுவிட்டுக் கழுவினாள். விரலால் உள்ளே தேய்த்தாள். பிறகு சோப்பை மறுபடி உள்ளேயே வைத்தாள்.

"தணிகாசலத்தாண்ட நானே போயி பேசறேன்ணா. இந்த வருசம் பொண்ணுங்க வண்டியோட எறங்கக் கூடாது. வண்டி வரப்பு தாண்டணும், புழுதி ஒக்காரணும், அப்பால தான் கூடையத் தூக்கணும். ஓட்றவனும் எவ பெத்த புள்ளையோ. அவன் மொகரையில கொட்டிட்டு நம்ம தப்பிச்சிக்கினா அது இன்னா பொழப்பு?"

சாயங்காலமே போனாளாம். இன்று காலை போனில் சொன்னாள். தணிகாசலத்துக்கு இப்போது வயதாகிவிட்டது, மகன்தான் பார்த்துக்கொள்கிறான். யோசித்து, ஆனியில் முதல் உழவுக்கு முன் சொல்கிறேன் என்றிருக்கிறான். அதுவரை அந்தச் செய்தி அங்கேயே நிற்கிறது.

உன்னைப் பற்றிய செய்தி ஒன்று பாக்கி இருக்கிறது. பழைய காகிதங்கள் எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லியிருந்ததால், தேசம்மா நேற்று மருத்துவமனைக்கு உன் நெஞ்சு எக்ஸ்ரே படங்களையும் பையில் போட்டு வந்திருந்தாள். மூன்று இருந்திருக்க வேண்டும். ஒன்றை எதிர்வீட்டுக்காரர்கள் கிரகணம் பார்க்க வாங்கிப்போய்த் திருப்பித் தரவில்லை. மிச்சம் இரண்டு. மருத்துவர் அவற்றை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு தேசம்மாவின் படத்தைப் பிடித்தார். மறுபடி உன்னுடையது. ஒருவர் முகத்தைப் பார்த்துச் செய்தி எழுதக் கூடாது என்பதால் அவர் முகத்திலிருந்து நான் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

"இது தூசியால வர்ற நோயான்னு நான் தனியா முடிவு சொல்ல முடியாது. மூத்த டாக்டர்கள் சேர்ந்து உக்காந்து பார்ப்பாங்க. இவர் படத்தையும் சேர்த்து வைக்கறேன்" என்றார்.

"தூசின்னா மாத்திரை கீதா?" என்று தேசம்மா கேட்டாள்.

அவர் நேராகச் சொன்னார். இருமலுக்கு, மூச்சுக்கு மருந்து தரலாம். உள்ளே படிந்ததை எடுக்க மருந்து இல்லை. இனி மேலும் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த வேலையை விட வேண்டியிருக்கும்.

தேசம்மா பையை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டாள். "அப்போ எனுக்கு டிபின்னே எழுதும்மா. அதுக்காச்சும் மாத்திரை கீது, துன்னா போயிடும். அவரு போயிட்டாரு, அவருக்கு இன்னா பேரு வேணா வைங்க" என்றாள். மருத்துவர் பேனாவை எடுத்தார். உன் படத்தின் உறையை எடுத்து, "இவர் என்ன தொழில்?" என்று கேட்டார்.

"கடல் தொழில்" என்றாள், யோசிக்காமல்.

அவர் எழுதினார். எழுதி முடித்து உறையை மூடப் போகும்போது தேசம்மா கையை நீட்டித் தடுத்தாள்.

"அதோட, உழவுன்னும் போட்டுக்கோம்மா."

எண்ணூர் ஸ்டேஷனில் திரும்புவதற்காக நின்றபோது கொண்டல் ஏறியிருந்தது. எனக்கு அது தெரியவில்லை. முதுகில் அடித்துக்கொண்டிருந்தது. எதிரில் நின்ற ஒரு பெண்ணின் முந்தானை பறப்பதைப் பார்த்துத்தான் திரும்பி நின்றேன். அப்போது முகத்தில் பட்டது. இனி எந்த நடைமேடையில் நின்றாலும் முதலில் ஒருமுறை திரும்பிப் பார்ப்பேன், காற்று யார் பக்கம் போகிறது என்று.

மூத்த மருத்துவர்கள் வரும் புதன்கிழமை கூடுகிறார்கள். பிற்பகல் வந்தால் சொல்வோம் என்றிருக்கிறார்கள். தேசம்மாவின் உறையும், இரண்டு தொழில் எழுதிய உன் உறையும் ஒரே கட்டுக்குள் இருக்கின்றன. நாங்கள் காலை வண்டிக்கே கிளம்புகிறோம்.